குப்புறப் படுத்த காசு

கண்டி கொழும்பு வீதியில் சேலை எடுக்கப் போகிறவர்கள் துணிக்கடையில் சேலை விற்கும் ராஜலிங்கத்தின் கையில் இரண்டு விதமான காசு கொடுத்துவிட்டு வருவார்கள். சேலைக்கான காசு நபீல் முதலாளியின் கல்லா லாச்சிக்குப் போகும். செல்லாத காசு ராஜலிங்கத்தின் சட்டைப் பைக்குப் போகும்.

செல்லாத காசு என்றதும் கள்ளக் காசு என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியச் சில்லறை. புத்தகயாவுக்குத் தம்பதிவ யாத்திரை போய் வரும் சிங்கள அம்மாமார், நாகூருக்குப் போய் வரும் முஸ்லிம் குடும்பங்கள், பழனிக்குப் போய் மொட்டைத் தலையோடு திரும்பும் தோட்டத்துச் சனங்கள், எல்லாருடைய கைப்பையின் மூலையிலும் நாலைந்து இந்தியக் காசு மிஞ்சிக் கிடக்கும். நோட்டு என்றால் காசு மாற்றும் கடைக்காரன் கதிரை போட்டு உட்கார வைப்பான். சில்லறையை நீட்டிப் பாருங்கள், ஆளையே பார்க்காத மாதிரி கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பான். அதனால் அந்தச் சில்லறை கைப்பைக்குள்ளேயே கிடந்து கறுத்துப் போகும். அது ராஜலிங்கத்துக்குத் தெரியும். சேலையை விரித்து முந்தானையைக் காட்டிக்கொண்டே பேச்சை மெதுவாக இந்தியாப் பக்கம் திருப்பிவிடுவார். பயணமெல்லாம் சுகமா, சாப்பாடு ஒத்துக்கொண்டதா, சில்லறை ஏதும் மிஞ்சியதா? அவர்கள் சிங்களத்தில் பேசினால் சிங்களத்தில், தமிழில் பேசினால் தமிழில். அடுத்த முறை கடைக்கு வரும்போது பாதிப் பேராவது மறக்காமல் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படியொரு முகராசி அந்த மனிதருக்கு.

வந்த காசையெல்லாம் அவர் வைத்துக்கொள்ளமாட்டார். தலைவர் தலை இருக்கிற காசு மட்டும்தான் வேண்டும். அதிலும் சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போனவர்கள், அடிபட்டவர்கள், தூக்கில் தொங்கியவர்கள். நேருவும் பட்டேலும் சுபாஷ் சந்திர போசும் திலகரும் பகத்சிங்கும் காமராசரும் அப்படித்தான் ஒவ்வொருவராக அவருடைய ஊரான தெல்தோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். கடையில் பழுதாகிப்போன கண்ணாடி மூடிச் சேலைப் பெட்டி ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, மிஞ்சிய நீல வெல்வெட் துண்டை அடியில் விரித்து, அதில்தான் அவர்களைக் குடியிருத்தியிருந்தார். பெட்டி வீட்டு அலுமாரிக்குள் இருக்கும். அலுமாரிச் சாவி மனைவி தனலெச்சுமியின் இடுப்பில் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அது அங்கேதான்.

பெட்டியின் நடுவில் காந்தி. வெள்ளிக் காசு, பத்து ரூபாய், அவருடைய நூற்றாண்டுக்கு அடித்தது. மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். எல்லாரும் முகம் காட்டிக்கொண்டிருக்க, கீழ் மூலையில் ஒருவர் மட்டும் குப்புறப் படுத்திருப்பார். அவர் லால் பகதூர் சாஸ்திரி.

"ஏன் இவர மட்டும் கவுத்து வச்சிருக்கீங்க?" என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள்.

"அவரு படுத்திருக்கட்டும்" என்பார் ராஜலிங்கம்.

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் உட்கார்ந்து, தோட்டத்துச் சனத்தில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக் கையெழுத்துப் போட்டார்களே, அந்தக் கையெழுத்தில் ஒன்று அவருடையது. அந்தப் பங்கில் இந்தியாவுக்குப் போனவள்தான் ராஜலிங்கத்தின் அக்கா பாலம்மா. புருஷன் வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது, அவளும் போகத்தான் வேண்டும். கண்டி ஸ்டேசனில், ஒப்பாரிக் கோச்சி என்று சனம் பேர் வைத்த ரயில் புறப்பட நிற்கிறது. உள்ளே இருக்கிறவர்களும் அழுகிறார்கள், வெளியே நிற்கிறவர்களும் அழுகிறார்கள். பாலம்மா மட்டும் அழவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய ஒருத்தரும் கேக்கலியேடா ராசு, என்னைய ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ராசுவுக்கு அப்போது பத்து வயது. பக்கத்தில் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மோகனராஜ், ஒரே லயத்து வீட்டு வரிசை, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவனும் அதைக் கேட்டான்.

சாஸ்திரி நல்ல மனிதர், எளிமையானவர் என்று நபீல் முதலாளி பல தடவை வாதாடியிருக்கிறார். ராஜலிங்கமும் அதை மறுத்ததில்லை. நல்லவர்தான், யார் இல்லையென்றது? ஆனால் அக்காவைக் கேட்கவில்லையே.

அதற்குப் பிறகு ராஜலிங்கம் அக்காவைப் பார்க்கவேயில்லை. இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றது, நாட்டில் சண்டை வந்தது, கடையில் லீவு கிடைக்கவில்லை, கையில் பணம் நிற்கவில்லை, இப்படியே காலம் போய்விட்டது. அவள் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள் என்று விலாசத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவனே மோகனராஜ்தான். நபீலின் வாப்பா அப்போது உயிரோடிருந்தார். கோயம்புத்தூருக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர் என்பதால் விலாசத்தை அவரிடம் கொடுத்து, ஒரு செய்தி மட்டும் அனுப்பிவிடச் சொன்னார் ராஜலிங்கம். செய்தி கிடைத்ததும் பாலம்மா மலையை விட்டு இறங்கி அவர் தங்கியிருந்த லொட்ஜ் வாசலுக்கே வந்துவிட்டாளாம். சேலை முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளிக் காசை எடுத்துப் பெரிய முதலாளியின் கையில் வைத்தாளாம். அவளுடைய பிள்ளைப்பேற்றுக்கு, அவள் வேலை பார்த்த வீட்டம்மா கொடுத்த காசு. எத்தனையோ கஷ்டத்திலும் அடகு வைக்காமல் காப்பாற்றிய காசு. "தம்பிகிட்ட குடுங்க. செலவழிக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாளாம்.

அடுத்த வருஷம் அவள் செத்துப்போன செய்தி வந்தது. அக்கா என்று சொல்லிக்கொள்ள ராஜலிங்கத்தின் கையில் இருந்தது அந்தக் காசு ஒன்றுதான். ஒரு படம் கூட இல்லை. காந்தித் தாத்தா தனியாக இருக்கிறாரே என்று நினைத்துத்தான் மற்றத் தலைவர்களைச் சேர்க்கத் தொடங்கினார். இந்தக் கதையை அவர் முழுதாகச் சொன்னது இரண்டே பேரிடம். ஒருவர் தனலெச்சுமி, மற்றவன் மோகனராஜ்.

இப்போது கோயில் கதைக்கு வருவோம். தோட்டத்து மாரியம்மனுக்குக் கும்பாபிஷேகம் செய்வதென்று முடிவானது. மோகனராஜ் இப்போது தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, கோயில் கமிட்டிக்குச் செயலாளர், இடுப்பில் வெள்ளைச் சாரம், சட்டைப் பையில் இரண்டு பேனை. சிலையைப் பீடத்தில் வைக்குமுன் அடியிலுள்ள குழியில் யந்திரத் தகடும் நவரத்தினமும் காசும் போடுவது வழக்கம். போட்டு அஷ்டபந்தன மருந்து சாத்தி அடைத்துவிட்டால் அடுத்த கும்பாபிஷேகம் வரை, பன்னிரண்டு வருஷத்துக்கு, ஒருவரும் அசைக்கக்கூடாது. கமிட்டிக் கூட்டத்தில் குருக்கள், "இந்தக் காலத்து இரும்புக் காச அள்ளிப் போட்றாதீங்க. வெள்ளில ஏதாச்சும் ஒண்ணு பாருங்க" என்றார்.

எல்லாருடைய கண்ணும் ராஜலிங்கத்தின் மேல் விழுந்தது. தோட்டத்தில் வெள்ளிக் காசு இருக்கிற வீடு அவருடைய வீடு ஒன்றுதான்.

"ராசு, அந்த காந்தி காசு..." என்று மோகனராஜ் தொடங்கினான்.

"அது மட்டும் ஏலாது" என்றார் ராஜலிங்கம். "ஏன்னு ஒனக்குத் தெரியும். வெள்ளிதான வேணும்? கண்டியில வெள்ளித் தகடு அடிச்சுக் கொண்டாந்து தாரேன். என் செலவு."

குருக்கள் தலையாட்டினார். கமிட்டி தலையாட்டியது. மோகனராஜும் தலையாட்டினான். சொன்னபடியே ராஜலிங்கம் ஒரு தகடு வாங்கிவந்து, மஞ்சள் துணியில் சுற்றி, மோகனராஜின் கையிலேயே கொடுத்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஆயிற்றே.

யந்திரம் வைக்கிற நேரத்தில் நோன்புப் பெருநாள் வந்துவிட்டது. பெருநாளுக்கு முந்தின கிழமை கொழும்பு வீதித் துணிக்கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. கடை பூட்டும்போது தெல்தோட்டைக் கடைசி பஸ் போய்விட்டிருக்கும். அதனால் அந்த நாட்களில் ராஜலிங்கம் கடை மாடியிலேயே படுத்துக்கொள்வார். யந்திரம் வைக்கிற அன்று தம்மால் வரமுடியாதே என்று அவருக்கு மனவருத்தம்தான். பெருநாள் முடிந்ததும் நபீல் முதலாளி, "போங்க ராஜலிங்கம், கோயில் வேலயப் பாருங்க. கடைய நான் பாத்துக்கொள்றன்" என்று வட்டிலப்பமும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

அவர் போய் இறங்கியது எண்ணெய்க் காப்பு அன்று காலையில். அம்மனுக்கு ஊர்ச் சனமெல்லாம் தங்கள் கையாலேயே எண்ணெய் சாத்துகிற நாள் அது. வரிசை லயத்து வாசல் வரை நின்றது. ராஜலிங்கத்தைக் கண்டதும் வரிசை தானாக விலகி வழிவிட்டது. அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. உள்ளே போய் அம்மனின் பாதத்தில் எண்ணெய் வைத்துத் தடவினார். அக்காவை நினைத்துக்கொண்டார், மகள் டிலானியையும் பேரப்பிள்ளையையும் நினைத்துக்கொண்டார். பீடத்தின் ஓரத்தில் மருந்து லேசாகப் பிதுங்கி நின்றது. "நீங்களும் ஒரு கை வச்சு அமுத்துங்க" என்று குருக்கள் சொல்ல, பெருவிரலால் நன்றாக அழுத்தி மூடிவிட்டார்.

வெளியே வந்தபோது ஒரு பெண் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பெரிய மனசுங்கையா ஒங்களுக்கு."

"சின்னத் தகடுதானம்மா" என்றார் அவர்.

என்ன அடக்கம் பாருங்கள் என்று சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் கும்பாபிஷேகம் முடிந்ததும் அவருடைய தலையில் பரிவட்டம் கட்டினார்கள். தோட்டத்தில் எத்தனையோ பெரிய ஆட்கள் இருக்க, முதல் மாலை அவருக்கு. மேளக்காரன் இரண்டு அடி கூடவே அடித்தான். மைக்கில் மோகனராஜ் என்னவோ அறிவித்துக்கொண்டிருந்தான், மேளச் சத்தத்தில் ராஜலிங்கத்துக்குத் தன் பெயர் மட்டும்தான் கேட்டது. ஒரு வெள்ளித் தகட்டுக்கு இவ்வளவா என்று நினைத்தார். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவருக்குச் சேலை விரித்துக் காட்டிய மனிதருக்கு யார் மாலை போட்டிருக்கிறார்கள்? பரிவட்டத்தைக் கழற்ற மனமில்லாமல் வீட்டு வாசல் வரை அப்படியே நடந்து வந்தார். தனலெச்சுமி அவருடைய முகத்தைப் பார்க்காமல் ஆரத்தி எடுத்தாள்.

அடுத்த வாரம் கலகெதரயிலிருந்து வந்த ஒரு வாடிக்கைக்காரர் இந்தியப் பயணத்தில் மிஞ்சியது என்று ஒரு பிடி சில்லறை கொடுத்தார். அதில் சித்தரஞ்சன் தாஸ் இருந்தார். ராஜலிங்கத்திடம் இல்லாத தலை. பஸ்ஸில் வரும்போது பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் சாவியைக் கேட்டார்.

"சாப்பிட்டுட்டுப் பாக்கலாமே" என்றாள் தனலெச்சுமி.

"ஒரு நிமிசம்தான். குடு தனம்."

அவள் சாவியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் பெட்டியைத் திறந்தார். நடுவில் காந்தி இல்லை. வெல்வெட் துணியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

விழுந்திருக்கும் என்று நினைத்தார். அலுமாரித் தட்டில் தேடினார். துணிகளை ஒவ்வொன்றாக உதறினார். கட்டிலுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார். பேரப்பிள்ளை நாவலப்பிட்டியிலிருந்து வந்து போனதே, கையில் எடுத்திருக்குமோ, ஐயோ வாயில் போட்டிருக்குமோ என்று பதறினார். தரையில் மண்டிபோட்டு அவர் தேடிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் தனலெச்சுமி அடுப்படியில் கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நிற்கவேயில்லை. அதைத்தான் பிற்பாடு அவரால் மறக்க முடியவில்லை. தேடட்டும் என்று விட்டிருந்தாளே.

கடைசியில் அவள் வாசற்படியில் வந்து நின்றாள். "தேடாதீங்க. அது அம்மன் காலடியில இருக்கு."

அவருக்குப் புரியவில்லை.

"டிலானிக்குப் பிரசவத்துல ரெத்தம் நிக்காம இருந்துச்சில்ல. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நேந்துக்கிட்டேன். இந்த வீட்டுல உசுரா வச்சிருக்கற சாமான ஒன் காலடியில போட்டுர்றேன் ஆத்தா, எம்புள்ளயக் குடுன்னு. குடுத்தா. நான் நேந்தது நேந்ததுதான."

"என்னையக் கேட்டிருக்கலாமே."

"அதான் கூட்டத்துல கேட்டாங்களே. நீங்கதான் ஏலாதுன்னுட்டீங்க."

"ஏலாதுன்னு சொன்னேனே தனம்."

"ஒங்க அக்கா செத்துப்போச்சு. எம்மக உசுரோட இருக்கா." இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். சொன்னது பொய்யில்லை. மகளுக்காக அந்தக் காசைக் கேட்டிருந்தால் தந்திருப்பாரா மாட்டாரா என்று அவருக்கே தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. அதைத் தெரிந்துகொள்கிற வழியையும் அவள் அடைத்துவிட்டாள். எண்ணெய் சாத்திய கை, பெருவிரலால் மருந்தை அழுத்திய கை, அவருடைய சொந்தக் கை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

விடிந்ததும் மோகனராஜிடம் போனார். அவன் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். ராஜலிங்கத்தின் முகத்தைக் கண்டதும் விஷயம் தெரிந்துவிட்டது என்று விளங்கியிருக்க வேண்டும், அவசரமாக வாய் கொப்பளித்தான்.

"உள்ளுக்கு வா ராசு. டீ குடிச்சிட்டுப் பேசுவோம்."

"தகட என்னா செஞ்ச?"

"தகடும் போட்டாச்சு. ஒன் தகட ஏன் விடப்போறோம்."

"குருக்கள் தகடு போதும்னாரா, காசு வேணும்னாரா?"

மோகனராஜ் துவாயால் முகத்தைத் துடைத்தான், அதிக நேரம் துடைத்தான். "போதும்னுதான் சொன்னாரு."

"அப்ப?"

"தனலெச்சுமி வந்து அழுதுச்சுடா. நேத்திக்கடன்னு சொல்லுது, நான் எப்படித் தடுக்கிறது?" என்றவன், நண்பன் அசையாமல் நிற்பதைப் பார்த்து மீதியையும் சொன்னான். "மேல் டிவிசன்காரங்க கோயில்ல தங்கக் காசு போட்டாங்களாம். ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. நம்ம பக்கமும் சொல்லிக்க ஒண்ணு வேணும்ல. மகாத்மா காந்தி வெள்ளிக் காசுன்னு மைக்குல சொன்னதும் சனம் கை தட்டுனத நீ பாத்திருக்கணும். ஒம்பேர்லதானடா குடுத்தேன், என் பேர்லயா குடுத்தேன்? மால ஒனக்குத்தான போட்டோம்?"

"அக்கா ஸ்டேசன்ல என்னா சொல்லிச்சுன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

மோகனராஜ் துவாயை மடிக்கத் தொடங்கினான்.

"அக்காவ கேக்காம அனுப்பினாங்க. சரி, யாரோ ரெண்டு பேரு, அதோட மொகத்தக் கூடப் பாக்காதவங்க. நீ என்னையக் கேட்ட. நான் ஏலாதுன்னேன். அதுக்கப்புறம் எம்பேர்ல குடுத்திருக்க. அவங்களே தேவலடா." ராஜலிங்கம் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஊர்ல எத்தன பேருக்குத் தெரியும்?"

"நீயே மனசு மாறிக் குடுத்துட்டன்னுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கு. ஒன் மனசு நோகக்கூடாதுன்னுதான்..."

"எடுத்துக் குடு."

"பைத்தியமா? மருந்து சாத்தியாச்சு. பன்னெண்டு வருசத்துக்கு அம்மன அசைக்க ஏலுமா?"

"அப்ப நான் குடுக்கலன்னு மைக்குல சொல்லு."

"ஊரே சிரிக்கும்டா. சாமிக்குக் குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குறான்னு ஒன்னையத்தான் சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சேர்த்தான். "கல்வெட்டும் வெட்டக் குடுத்தாச்சு. காந்தி வெள்ளிக் காசு, உபயம் ராஜலிங்கம்னு மொதல் வரியிலயே வருது. மண்டலாபிஷேகத்தன்னைக்குத் தொறக்கப் போறோம்."

இது எப்பேர்ப்பட்ட கட்டு என்று பாருங்கள். களவு போயிற்று என்று பொலிசுக்குப் போக முடியுமா? மனைவி கொடுத்தது. அம்மனிடம் கேட்க முடியுமா? வழியில் பார்க்கிறவர்களெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான் கொடுக்கவில்லை என்று வாய் திறந்தால், போன வாரம் பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்ற தலைதானே இது என்று கேட்பார்கள். ராஜலிங்கம் டீ குடிக்காமல் திரும்பி நடந்தார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் எதிரே வந்து, "நல்லா இருக்கீங்களாய்யா" என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். அவரும் நல்லாயிருக்கிறேன் என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் கடையில் சேலை விரித்தார், நிறம் சொன்னார், விலை சொன்னார். ஆனால் இந்தியாவுக்குப் போனீர்களா என்று யாரையும் கேட்கவில்லை. தம்பதிவ போய் வந்த ஒரு சிங்கள அம்மா தானாகவே சில்லறைப் பொட்டலத்தை நீட்டியபோது, பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நபீல் முதலாளி இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போய் வந்த மறுநாள், ராஜலிங்கத்தைக் கூப்பிட்டுத் தம் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்தார்.

"என்ன ராஜலிங்கம், கொஞ்ச நாளா மொகம் வாடித்தான் ஈக்கி. எனக்குக் காரணம் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு காந்தி வெள்ளிக் காசு. அதே பத்து ரூபாய், அதே வருஷம், புத்தம் புதிதாகப் பளபளத்தது. "மோகனராஜ் டெலிபோன் கோல் எடுத்தாரு. நீங்க ஒங்கட காசத் தொலச்சிட்டீங்களாம், அதால சோறு தண்ணி எறங்காம ஈக்கிறீங்களாம். எப்படியாவது ஒண்டு தேடி வாங்கியாங்க, சல்லிய நான் தாரன் எண்டு சொன்னாரு. அப்படியொரு கூட்டாளி கெடைக்க நீங்க குடுத்து வெச்சீக்கணும்."

"தொலச்சிட்டேன்னா சொன்னான்?"

"ஓ. ஏன், இல்லியா?"

ராஜலிங்கம் காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இதே கடையில், இதே மேசையில் வைத்துத்தான் இந்த மனிதரின் வாப்பா அக்காவின் காசை அவரிடம் கொடுத்தார். அந்தக் காசில் காந்தியின் காதோரம் ஒரு சின்னக் கீறல் இருக்கும், அக்கா சேலை முந்தியில் சாவியோடு முடிந்து வைத்திருந்ததால் வந்த கீறல். இதில் கீறல் இல்லை, ஒரு குறையும் இல்லை. முதலாளியிடம் நடந்ததைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கட்டின மனைவி இடுப்புச் சாவியை எடுத்து இப்படிச் செய்தாள் என்று அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது?

"ஆமாங்க மொதலாளி. தொலைச்சிட்டேன்" என்றார்.

தன்னுடைய வாயாலேயே அந்தப் பொய்க்கும் கையெழுத்துப் போட்டாயிற்று.

வீட்டில் தனலெச்சுமிக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. மோகனராஜ் சொல்லியிருப்பான். அன்று பருப்பு வடை சுட்டு வைத்திருந்தாள். சாவியைக் கேட்குமுன்பே எடுத்து நீட்டினாள். "அதே காசுதானாங்க?" என்றாள், பயந்த குரலில்.

"அதே காசுதான்."

அவர் பெட்டியைத் திறந்தார். அவளும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். நடுவிலிருந்த வட்டத்தில் அவர் அதை வைக்கவில்லை. கீழ் மூலையில் சாஸ்திரிக்குப் பக்கத்தில் வைத்தார், முகம் கீழே போகும்படி. கண்ணாடியை மூடினார். சாவியை அவளிடம் கொடுக்காமல் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய இடுப்பில் இருந்த சாவி அது. முன்பு சத்தமில்லாமல் அழுதவள் இப்போது சத்தம் போட்டு அழுதாள். அவர் வடையைத் தொடவில்லை.

மண்டலாபிஷேக நாள் வந்தது. காலையிலிருந்தே ஸ்பீக்கரில் மோகனராஜின் குரல் மலையெல்லாம் கேட்டது. கல்வெட்டுத் திறப்பு விழா, உபயகாரர்கள் அனைவரும் வருக, முதலில் காந்தி வெள்ளிக் காசு கொடுத்த பெருமகன் ராஜலிங்கம் அவர்கள் என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். கமிட்டிக்காரர் இருவர் வந்து வாசலில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவருக்கு உடம்பு சரியில்லை என்று தாங்களே முடிவு செய்துகொண்டு போனார்கள். மறுபடியும் அவருக்காக வேறு யாரோ சொன்ன பதில்தான்.

தனலெச்சுமி பட்டுச் சேலை கட்டி, பூத்தட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். கதிரையில் உட்கார்ந்திருந்தவரைத் தயங்கித் தயங்கிப் பார்த்தாள்.

"இன்னைக்காச்சும் வாங்க. அம்மனுக்கு முன்னால நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. என் மேல கோவம்னா என் மேல இருக்கட்டும்."

"நீ போயிட்டு வா" என்றார் ராஜலிங்கம். "எம்பேருதான் அங்க கல்லுல நிக்குதே. அது கும்பிட்டுக்கும்."

தனலெச்சுமி பூத்தட்டோடு தனியாகப் படியிறங்கிப் போனாள்.